சேராத ஒன்பது முத்து

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மதுரையில் முத்துக்குத் தரம் சொல்லி வருகிறது. 'அப்துல் வஹீது' என்று கையெழுத்திட்ட சீட்டு இருந்தால் தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்காரர்கள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கையெழுத்து என்னுடையது. இப்போது வருவதெல்லாம் வளர்ப்பு முத்துதான். அதிலும் தரம் உண்டு. துணியில் உருட்டி உருண்டை பார்க்க வேண்டும். ஜன்னல் கம்பி முத்தின் மேல் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்று பளபளப்பு பார்க்க வேண்டும். நிறம் கடைசியில், காலை பத்து மணி வெளிச்சத்தில்.

போன மாதம் என் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த மறுநாள் முகம் துடைக்கத் துண்டை எடுத்தேன். வலது கண்ணுக்கு அது வெள்ளை. இடது கண்ணுக்கு டீக்கடைத் துண்டு போல மஞ்சள். மாற்றி மாற்றிக் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

நேரே கடைக்குப் போய், 'சுத்த வெள்ளை' என்று நான் எழுதி வைத்திருந்த பொட்டலங்களை ஜன்னலோரம் கொட்டினேன். மூன்று பொட்டலங்களில் இளமஞ்சள் கலந்திருந்தது. பழைய கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவற்றிலிருந்து ஒரே ஒரு மாலைதான் வெளியே போயிருந்தது. ஒத்தக்கடை ஹரிராம், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் ரம்யாஸ்ரீ கல்யாணத்துக்கு வாங்கிய அறுபத்தொரு முத்து. 'அனைத்தும் ஒரே நிறம்' என்று சீட்டு எழுதியவன் நான். மாலையைக் கோத்தவள் என் மருமகள் சமீனா.

கோக்கும்போதே சொன்னாள். "மாமா, இதுல ஒன்பது மஞ்சளடிக்குது."

"பேரையூர் வெயில்ல வளந்த கண்ணு. உனக்கு எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும். குடுத்ததைக் கோத்து வை."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் குனிந்து கோக்க ஆரம்பித்தாள்.

இப்போது அவளிடம் விவரம் சொல்லாமல், "ஒத்தக்கடைக்குப் போய் மாலை வாங்கிட்டு வரணும், நூல் மாத்தணும், கிளம்பு" என்றேன். பட்டு நூலை அவ்வப்போது மாற்றுவது வழக்கம்தான். மாலை கைக்கு வந்துவிட்டால் ஒன்பதையும் மாற்றிக் கோத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆட்டோவில் போகும்போது என் நினைப்பு அதுதான்.

ஹரிராம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன பாய், கருப்புக் கண்ணாடி! மாநாட்டுக்குக் கிளம்பிட்டீங்களா?"

"கண்ணுல புரை எடுத்திருக்கு சார்."

"அந்தக் கண்ணை வச்சா இம்புட்டு நாள் முத்துப் பாத்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மனைவி வசுந்தரா கல்யாண ஆல்பத்தை விரித்தார். "சம்பந்தியம்மா இந்த மாலையவேதான் பாத்துட்டிருந்தாங்க பாய். எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்குன்னாங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எல்லாமே வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனால் போட்டோவை நம்பி நிறம் சொல்லக் கூடாது. மாலையைக் கேட்டு வாங்கி ஜன்னலோரம் வைத்தேன். முன்பக்கம் ஐம்பத்திரண்டும் சுத்த வெள்ளை. கொக்கியை ஒட்டி இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் நான்கு இளமஞ்சள். பின்கழுத்தில், ஜடைக்கு அடியில் போகிற இடம்.

சமீனாவைப் பார்த்தேன். அவள் வெளியே யானைமலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூல் எப்படி இருக்கு பாய்?" என்றார் ஹரிராம்.

"நல்லா இருக்கு."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். இவ்வளவு நாள் கண்ணில் படாதது இனியும் படாது. ஆனால் பெட்டி மூடிக்குள் என் சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே அச்சில் என் அத்தாவின் பெயர், கீழே மையில் என் கையெழுத்து.

"ஹரிராம் சார், இதுல ஒன்பது முத்து நிறம் சேராது. நான் எழுதிக் குடுத்தது தப்பு."

வசுந்தரா மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க பாய்? எனக்குத் தெரியலையே."

"தெரியக் கூடாதுன்னு பின்னாடி வச்சுக் கோத்திருக்கு. என் மருமக அன்னைக்கே சொன்னா. நான்தான் கேக்கல. நாளைக்கு மாத்தித் தாரேன்."

ஹரிராமும் மாலையை வாங்கிப் பார்த்தார். பிறகு, "இனிமே யாரு கண்ணை நம்பி பாய் சீட்டு வாங்குறது?" என்றார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. அவரிடமிருந்து பழைய சீட்டை வாங்கிக் கிழித்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "நீ ஏன் மறுபடி சொல்லல?"

"ஒரு தடவை சொன்னதுக்கே கடையே சிரிச்சது மாமா."

மறுநாள் காலை பத்து மணிக்கு, கடையில் எல்லாரும் இருக்கும்போது, ஜன்னலோரம் என் நாற்காலியில் சமீனாவை உட்காரச் சொன்னேன். ஒன்பது முத்தை அவளே பொறுக்கினாள். நான் ஒன்றையும் தொடவில்லை. மாலை கோத்து முடிந்ததும் புதுச் சீட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். பார்த்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்; அத்தா காலத்திலிருந்து அதுதான் முறை.

சமீனா பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். "பேரையூர்னும் சேத்து எழுதவா மாமா?"

யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"பேர் மட்டும் போதும்" என்றேன்.