புள்ளியில் தொடங்கிய வரி

அந்த வரி காணாமல் போய் நாற்பத்தொரு நாள். காணாமல் போனது தெரியவந்து ஆறு நாள்.

எங்கள் பிரிவில் எட்டுப் பேர். கம்பெனி விற்கும் மென்பொருள்களுக்குக் கையேட்டுப் பக்கங்கள் தயாரிப்பது வேலை. பக்கத்தைச் சாதாரணமாக அடித்துக்கொண்டே போவோம், நடுநடுவே குறிகள் வைப்போம். வரியின் முதல் எழுத்து புள்ளி என்றால் அது கட்டளை. இதைத் தலைப்பாக்கு, இதைத் தடிமனாக்கு. தெரியாத கட்டளை வந்தால் பக்கத்தை வடிவமைக்கும் நிரல் திட்டாது, நிற்காது. அந்த வரியை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

விழுங்கப்பட்ட வரி இது:

.கீப் ஃபைல் இல்லாத ஃபோல்டர் முழுவதுமாக அழிக்கப்படும், மீட்க முடியாது.

பழைய ஃபைல்களைத் துடைக்கும் ஒரு மென்பொருளின் பக்கம். இதை அழிக்காதே என்று காட்ட ஃபோல்டருக்குள் போட்டுவைக்கும் ஃபைலின் பெயர் '.கீப்', பெயரே புள்ளியில்தான் தொடங்கும். ஒரு மண் பரிசோதனைக்கூடத்தில் அச்சான பக்கத்தைப் படித்துவிட்டுத் துடைத்தார்கள். பதினொரு வருட அளவீடுகள் போய்விட்டன.

முந்தைய வரியின் தொடர்ச்சியாக இருந்த அந்த வாக்கியத்துக்கு முன்னால் யாரோ என்டர் தட்டி வரியை உடைத்திருந்தார்கள். தட்டியது தப்பில்லை. ஒவ்வொரு வாக்கியமும் புது வரியில் தொடங்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஆனால் வாக்கியமே புள்ளியில் தொடங்கினால் அதற்கு முன்னால் அச்சில் தெரியாத ஒரு காப்புக் குறி போட வேண்டும். போடவில்லை. மாற்றப் பதிவில் அக்காவின் பெயர் இருந்தது. நேரம் மாலை நாலு பத்து.

அக்கா என் கூடப் பிறந்தவள். ஏழு வருடம் மூத்தவள், இந்தப் பிரிவில் பன்னிரண்டு வருடம். அச்சுக்குப் போகுமுன் எல்லாப் பக்கங்களையும் படித்துக் கையெழுத்துப் போடுகிறவள். இயற்பியல் படித்துவிட்டு வீட்டில் கிடந்த என்னை இங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். என்னை 'ஊமை' என்பாள். ஆபீஸில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

நாலு பத்துக்கு அந்த நாற்காலியில் இருந்தது நான். அன்று என் மெஷின் படுத்துவிட்டது. அக்கா பல் டாக்டரிடம் போகும் அவசரத்தில், "என்னோடதுல முடி, ஊமை. எதையும் சொதப்பி வைக்காத" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்த மாதம் அவள் நாலு முறை பல் டாக்டரிடம் போயிருந்தாள். எந்த நாள் எது என்று அவளுக்குக் குழம்பிவிட்டது. விஷயம் வெளியே வந்த அன்றே என்னிடம் கேட்டாள்.

"ஏண்டி, அன்னைக்கு என் மெஷின்ல உட்கார்ந்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் மேலே கேட்கவில்லை. என்னால் பொய் சொல்ல முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. என் வேலை நிரந்தரமாகும் கடிதம் அந்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

மூன்றாம் நாள் பிரிவுத் தலைவர் எங்களைக் கூப்பிட்டு, பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். அக்காவை எழுந்து நின்று படிக்கச் சொன்னார். அவள் படித்தாள்.

"அடுத்த வரி?"

"இல்ல சார்."

"இல்லாத வரிய நீங்க எப்படிப் பார்ப்பீங்க, பாவம். இன்னொரு வாட்டி படிங்க."

படித்தாள். மூன்றாவது முறையும் படித்தாள். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"உடைச்சதும் நீங்க, பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நீங்க. ரெண்டுல ஒண்ணுன்னா எச்சரிக்கையோட விட்டிருப்பேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஊமை, உங்க அக்காதானே. நீயே சொல்லு. இதுக்கு என்ன பேர்?"

எல்லோரும் பார்த்தார்கள். அக்காவும்.

"கவனக்குறைவு சார்" என்றேன்.

"பாருங்க, ஊமை பேசிடுச்சு" என்றார்.

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார். "ஊரு தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் தப்புல மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சு."

"சாப்பிடற நேரத்துல எதுக்குங்க" என்றாள் அம்மா.

வேறு நாளாக இருந்தால் அக்கா ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் கேஸ் அடுப்பை மூடினோமா என்று மூன்று முறை போய்ப் பார்த்தாள். பூட்டிய கதவைத் திறந்து மறுபடி பூட்டினாள். ஒரு சின்ன நோட்டில் மணி போட்டு எழுத ஆரம்பித்தாள். குளித்தது, மாத்திரை, பஸ் ஏறியது. பஸ்ஸில் என் காதோரம் கேட்டாள்.

"அந்த வரிய உடைச்ச ஞாபகமே இல்லடி எனக்கு. துளிகூட இல்ல. மனுஷிக்கு இப்படியா மறக்கும்?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உடைக்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். பஸ் எட்டு நிறுத்தங்களில் நின்றது.

வெள்ளிக்கிழமை, பிரிவுத் தலைவர் கேட்டிருந்த அக்காவின் ராஜினாமாக் கடிதத்தை அடிக்கும் வேலை என்னிடம் வந்தது. தவறு முழுவதும் என்னுடையதே என்று அக்கா ஒப்புக்கொள்வதாக இரண்டு பத்தி. நன்றாக வடிவமைத்தேன். அக்கா வழக்கம்போல் ஒவ்வொரு வரியிலும் பேனா முனையை வைத்துப் படித்தாள். ஒரு இடத்தில் காற்புள்ளி சேர்த்தாள். கையெழுத்துப் போட்டாள். கிளார்க் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனார்.

திரும்பி வரும்போது என்னுடைய கடிதத்தைக் கொண்டுவந்தார். நிரந்தரம். திங்கள் முதல் அக்காவின் இருக்கை.

அக்கா மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் அவரவர் திரையைப் பார்ப்பதுபோல் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உட்காரு, உட்காரு. வாய் இல்லாதவளுக்குத்தான் காலம்" என்றாள். நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புதன்கிழமை தலையை ஸ்கேன் பண்ணப் போறேன். அம்மாகிட்ட சொல்லாத. இந்த வயசுலயே மறதி வந்தா வேகமா முத்திடுமாம். தனியா போக பயமா இருக்கு. கூட வர்றியா?"

நான் கிளார்க்கைப் பார்த்தேன்.

"அக்காவோட லெட்டர் என்ன ஆச்சுங்க?"

"ஏத்துக்கிட்டாங்கம்மா. சீல் போட்டாச்சு. இனிமே யார் நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஸ்கேன் வேண்டாம்க்கா" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். "உனக்கு மறதி இல்ல. அன்னைக்கு நீ பல் டாக்டர்கிட்ட போயிருந்த. உன் மெஷின்ல உட்கார்ந்து அந்த வரிய உடைச்சது நான்தான்."