வெள்ளைக் கல்லில் ஒரு புள்ளி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், கிபியோன் ஊருக்குக் கிழக்கே, வைஸ்ரான்ட் கல்மேட்டில் ஆடு வளர்க்கும் அப்சலோம் ரோய் வீட்டுக்குப் போன ஜூலையில் போயிருந்தேன். கிளம்பும்போது ஓர் ஆட்டுத்தொடையையும் இந்தக் கதையையும் கொடுத்தனுப்பினான். தொடை அருமையாக இருந்தது. கதையைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதல் தொடக்கம்: ‘ஒட்டகச் சிலந்திகள் பல குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன, அவற்றுள்…’ (பாடப்புத்தக வாடை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘ரோசினா குப்பியைத் திறந்தபோது அவள் இதயம்…’ (இதயம் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அவளைத் தெரியும்.)

2

ஆனாலும் பாடம் கொஞ்சம் வேண்டும். ஒட்டகச் சிலந்தி சிலந்தியே இல்லை. வலை கிடையாது, ஓட்டம்தான் அதன் பிழைப்பு. தூங்குகிறவர் முடியைக் கத்தரித்துப் போகும் என்று எங்கள் பக்கத்தில் அதற்கு முடிவெட்டி என்று பேர்.* அதில் ஒரே ஒரு குடும்பம் மட்டும் விசித்திரம். பின்கால்கள் குட்டை, தடிமன். மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளேயே வாழும். ஆப்பிரிக்காவின் தென்பகுதி மணலை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. இரண்டே இரண்டு பேரினங்கள்.

ரோசினா ஃப்ளேர்மாய்ஸ் மூன்றாவதைக் கண்டுபிடித்திருந்தாள்.

(* அப்சலோமின் மனைவி தலையில் துணி கட்டாமல் படுக்க மாட்டாள். வின்ட்ஹுக் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் ரோசினாவும்தான். கேட்டால் இல்லை என்பாள்.)

3

அவள் வேலை வரைபடத்தில் புள்ளி வைப்பது. ஒரு புள்ளிக்குப் பின்னால் ஒரு குப்பி, குப்பிக்குள் ஒரு சீட்டு: எந்த இடம், என்ன தேதி, யார் பிடித்தது. இந்தக் குடும்பத்தின் எல்லாப் புள்ளிகளும் மணலில் இருக்க, ஐந்து உயிர்கள் மட்டும் வைஸ்ரான்டின் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்திருந்தன. தாடையில் இரண்டு பல் குறைவு. மணலில் கிடைத்திருந்தால் வயது வித்தியாசம் என்று தள்ளிவிடுவார்கள். கல்லில் என்றால் வேறு பேரினம். தரைமட்டத்துக்குக் கிண்ணம் புதைத்து, அதில் விழுந்ததைப் பிடித்துக் கொடுத்தவன் அவளுடைய தாய்மாமன் மகன் அப்சலோம். அதனால் உயிருக்கு அவன் பெயரையே வைத்தாள். அவன் அதைத் தேவாலயப் பாடகர் குழு முழுவதற்கும் சொல்லி முடித்திருந்தான். கட்டுரை அச்சுக்குப் போனால் அவளுக்கு வேலை நிரந்தரம். போகாவிட்டால் டிசம்பரோடு சரி.

கடைசிப் படம் வரைவதற்காக அந்த ஐந்தும் இருந்த குப்பியைத் தட்டில் கவிழ்த்தாள். தட்டின் அடியில் ஒரு சிட்டிகை மணல். சிவப்பு மணல்.

வைஸ்ரான்டில் சிவப்பு கிடையாது. அதற்கு இன்னும் கிழக்கே, கழுதை வண்டியில் அரைநாள் போக வேண்டும்.

4

“வா, வா, டாக்டரம்மா! என் பேரு புஸ்தகத்துல வந்துடுச்சா?” என்றான் அப்சலோம்.

“மச்சான், கிண்ணத்தை எங்க புதைச்சே?”

“நீ சொன்ன எடத்துலதான்.”

“பொய் சொன்னே, உன் பேரை எடுத்துட்டு உன் கழுதை பேரை வெச்சிடுவேன்.”

“அதுக்கும் உன் மூஞ்சிதான், பொருத்தமா இருக்கும்.” சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தணலில் சுட்ட ரொட்டியை அவள் பக்கம் தள்ளினான். அவள் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“நாலு மாசம் புள்ள. தெனம் போய்ப் பாத்தேன். கல்லுல என்ன விழும்? காத்துதான் விழுந்துச்சு. நீ அவ்வளவு தூரத்துலேருந்து வர்றே. என் வீட்டுலேருந்து ஒருத்தரும் வெறுங்கையோட போனதில்ல. வண்டியப் பூட்டிக்கிட்டுப் போயி கிண்ணத்தை மணல்ல வெச்சேன்.”

“அஞ்சுமா?”

அவன் ரொட்டியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

“நாலு. மொதல்ல விழுந்த ஒண்ணு கல்லுலதான். சத்தியமா. ஒண்ணே ஒண்ணைத் தனியா எப்படிக் குடுக்கிறதுன்னு வெச்சிருந்து, எல்லாத்தையும் ஒரே குப்பியில போட்டேன்.”

5

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ‘சத்தியமா’ என்பது உண்மையா, அல்லது அவளை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல் இன்னொரு தரம் கிண்ணத்தை நகர்த்தினானா? ரோசினாவுக்கும் தெரியவில்லை. ஐந்தும் ஒரே மாதிரி இருந்தன.

முடிவு அ: அவள் நம்பினாள், கட்டுரை வந்தது, வேலை… (அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

முடிவு ஆ: மச்சானோடு பேச்சை முறித்தாள். (அதுவும் இல்லை. ரொட்டியைத் தின்றாள். கண் கலங்கித்தான் தின்றாள்.)

நடந்தது இது. கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். புள்ளியை அழித்தாள். பிறகு நவம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கடப்பாரையால் அவளே கல்லை உடைத்து இருபது கிண்ணம் புதைத்தாள். அப்சலோம் கிட்டே வரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஊரே பார்க்க வேலிக்கு வெளியே நிற்க வைத்தது அவனுக்கு அவமானம். ஆனாலும் தினமும் வந்து நின்றான்.

6

கடைசி நாள் காலை. இருபதாவது கிண்ணத்தின் மேல் அவள் குனிகிறாள். வேலிக்கு வெளியே அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

உள்ளே என்ன இருந்தது என்று அப்சலோம் எனக்குச் சொன்னான், தொடையைக் கொடுத்த கையோடு. அதனால்தான் அதை எழுத மறுக்கிறேன். இவ்வளவு தூரம் படித்து வந்த உங்கள் கையிலும் ஏதாவது வைத்தனுப்ப எனக்கும் ஆசைதான். ஒரு சின்ன உயிரை, குட்டையான பின்கால்களோடு, அந்தக் கிண்ணத்தில் போட்டுவிட எனக்கு ஒரு வரி போதும்.

போட மாட்டேன். நீங்கள் வெறுங்கையோடுதான் போக வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் அவனோடு நானும் நிற்கிறேன். அவள் இன்னும் நிமிரவில்லை.