பூ எடுக்கிற கை

மதுமதி எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஜப்பானுக்குப் போக மாவட்டம் முழுக்கத் தேடி எடுத்த பன்னிரண்டு பிள்ளைகளில் அவளும் ஒருத்தி என்று இங்கிலீஷ் வாத்தியார் தீனதயாளன் பிரேயரில் மைக் பிடித்து அறிவித்தபோதுகூட, அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாளே தவிர வேறொன்றும் செய்யவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகள்தான் குதித்தார்கள். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான்கு வாரம் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து படித்துவிட்டு வரலாம். விமானத்திலிருந்து குளிருக்குப் போடுகிற கோட்டு வரைக்கும் இதை நடத்துகிற அறக்கட்டளைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். அடுத்த வருஷம் அந்த வீட்டுப் பெண் மல்லசமுத்திரத்துக்கு வந்து மதுமதி வீட்டில் நான்கு வாரம் இருப்பாள். திங்கட்கிழமை சாயந்திரத்துக்குள் பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். சேராவிட்டால் அடுத்து வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு இடம் போய்விடும்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை. ஒரு வருஷமாகவே அவளுக்கு எதுவும் அப்படி உள்ளே போய்ச் சேர்வதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் தொடுவது மட்டும் தெரியுமே, அந்த மாதிரி. பரீட்சையில் முதல் மார்க் வந்தாலும் அதே கதை, காய்ச்சல் வந்தாலும் அதே கதை.

நேர்காணல் சேலத்தில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள், "யார் சொல்லியும் இல்லாம, நீயா எடுத்த ஒரு முடிவைப் பத்திச் சொல்லும்மா" என்றார். மதுமதி யோசித்துப் பார்த்தாள். அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்பது விளங்கிவிட்டது. ஏரிக்கரையில் கிடந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்க ஊர்ப் பிள்ளைகளை நான்தான் திரட்டினேன் என்றாள். பொறுக்கியது நிஜம். திரட்டியது தீனதயாளன். அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். வேலை முடிந்தது.

எதிரில் இருக்கிற முகத்துக்கு என்ன வேண்டுமோ அதை எடுத்துக் கொடுப்பது மதுமதிக்கு அத்துப்படி. அதை அவள் பழகிய இடம் பள்ளிக்கூடம் இல்லை, குலதெய்வக் கோவில்.

அவள் அப்பா மாதேஸ்வரனுக்கு நாலு ஏக்கர் தோட்டமும், போர் போடுகிற ரிக் வண்டி ஒன்றில் பாதிப் பங்கும் உண்டு. வண்டி சத்தீஸ்கருக்குக் கிளம்பலாமா, தோட்டத்தில் எந்த மூலையில் போர் போடலாம், மாட்டை விற்கலாமா வைத்திருக்கலாமா, எதுவானாலும் சாமியிடம் பூக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு துரும்பும் அசையாது. பூசாரி சின்னுசாமி வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று எடுத்து, தனித்தனியாக வாழையிலைத் துண்டில் பொதிந்து, வாழைநாரால் கட்டி, சாமியின் காலடியில் உருட்டிவிடுவார். கல்யாணமாகாத ஒரு பெண்பிள்ளை அதில் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். நான்கு வயதிலிருந்து மதுமதிதான் எடுக்கிறாள். ராசியான கை என்று பேராகி, பங்காளிகளும் அத்தைமார்களும்கூடப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அவளைக் கூட்டிப் போவார்கள்.

ஏழாவது படிக்கும்போது அவள் ஒன்றைக் கவனித்தாள். பூசாரி எப்போதும் வெள்ளைப் பூவைத்தான் முதலில் கட்டுவார். கையிலிருக்கிற நாரில் தாராளமாக இரண்டு முடிச்சு போட்டு அறுத்துவிடுவார். மிச்சமிருக்கிற துண்டு நாரில் செவ்வரளியைக் கட்டும்போது ஒரு முடிச்சுக்குத்தான் நீளம் வரும். முப்பது வருஷப் பழக்கம். தன் கை இப்படிச் செய்கிறது என்று அவருக்கே தெரியாது. மற்றவர்களோ கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். குனிந்து எடுக்கிற பிள்ளையின் கண்ணுக்குத்தான் முடிச்சு தெரியும்.

தெரிந்துகொண்ட பிறகு தெரியாத மாதிரி எடுக்க அவளால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் பயம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். குனிவதற்கு முன்னால் சுற்றி நிற்கிறவர்கள் முகத்தை ஒருமுறை பார்ப்பாள். என்ன வரவேண்டும் என்று அந்த முகங்களிலேயே இருக்கும். அதை எடுத்துக் கொடுப்பாள். எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள். ராசியான கைக்கு அதற்குமேல் என்ன வேலை?

மோகனப்பிரியாவுக்கும் அப்படித்தான் எடுத்தாள். மோகனப்பிரியா பெரியப்பா மகள். ஒரே காம்பவுண்டு, ஒட்டின வீடு. மதுமதிக்குத் தலை பின்னிவிட்டு, கணக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈரோட்டு மாப்பிள்ளை ஒருவன் வந்தான். ஜாதகம் பார்த்து, மண்டபம் பேசி, பத்திரிகைக்கு மாடல்கூடப் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் சாமியிடம் பூக் கேட்கக் கிளம்பினார்கள். சாமிக்கும் ஒரு மரியாதை கொடுக்க வேண்டுமல்லவா! அன்று காலையில் தலை பின்னிக்கொண்டே மோகனப்பிரியா மெதுவாகச் சொன்னாள். "செவப்பு வந்துட்டாத் தேவலைடி. எம்.காம்ல சேந்துக்குவேன். செவப்பு வரட்டும்னு நீயும் கும்புட்டுக்க, செரியா?"

கோவிலில் மதுமதி பார்த்தபோது எட்டு முகம் வெள்ளையைக் கேட்டது. ஒரு முகம் சிவப்பைக் கேட்டது. அவள் எட்டின் பக்கம் போனாள்.

கல்யாணமாகிப் பதினோராவது மாதம் மோகனப்பிரியா ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்று யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. இடது காது சரியாகக் கேட்பதில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா யார் வந்தாலும் ஒரே வார்த்தைதான். "சாமியே வெள்ளப் பூக் குடுத்துச்சு. அதுக்குமேல நாம என்னங்க பண்றது?" அதைக் கேட்டு எல்லோரும் மனசைத் தேற்றிக்கொண்டார்கள், மோகனப்பிரியா உட்பட. தேற்றிக்கொள்ள வழியில்லாமல் போனது மதுமதிக்குத்தான். முதலில் சோறு இறங்காமல் இருந்தது. அப்புறம் இறங்கியது. அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை.

ஜப்பான் விஷயத்தில் மாதேஸ்வரனுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆனால் வாத்தியார் வீடு தேடி வந்து கை குலுக்கிவிட்டார். டீக்கடையில் நாலு பேர் வாழ்த்திவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லி யாரிடம் கெட்ட பேர் வாங்குவது?

"ஏனுங்க, எல்லாத்தயும் அவங்களே பாத்துக்கறாங்களாமா. புள்ள போய்ட்டுத்தான் வரட்டுமே" என்றாள் மதுமதியின் அம்மா ஜோதி.

"போறது இருக்கட்டும். அங்கிருந்து ஒரு புள்ள வந்து நம்மூட்ல ஒரு மாசம் இருக்குமாம். அதுக்கு மொளகா இல்லாம யாரு சோறாக்கறது? பொம்பளப்புள்ளய முன்னபின்ன தெரியாதவங்க ஊட்ல உட்டுப்போட்டு நாம இங்க தூங்க முடியுமா?" என்றார் அவர். கொஞ்ச நேரம் மீசையை நீவினார். "ஞாயித்துக்கெழம பூக் கேட்டுருவோம். சாமி சொன்னா எனக்கென்ன?"

தன் காரியத்துக்குத் தானே பூ எடுக்கலாமா என்று பெரியம்மா ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள். பூசாரி அதை ஒரே பேச்சில் தீர்த்துவிட்டார். "கேக்கறது மாதேசு. எடுக்கறதுதான் புள்ள. ஒண்ணும் தப்பில்ல."

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வழக்கம்போல மதுமதி முகங்களைப் பார்த்தாள். அப்பாவின் முகம் சிவப்பு, சிவப்பு என்று கெஞ்சியது. பெரியப்பாவும் பெரியம்மாவும் அப்பாவின் பக்கம். அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை, அது அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூணோரம் மோகனப்பிரியா படிவம் இருந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் நின்றாள். அந்த ஒரு முகம்தான் வெள்ளையைக் கேட்டது.

பூசாரி பொட்டலங்களை உருட்டினார். இரண்டும் குப்புற விழுந்தன. முடிச்சு தெரியவில்லை.

இதுவரைக்கும் அப்படி நடந்ததில்லை. மதுமதி குனிந்தபடியே நின்றாள். ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடலாம். சாமியே முடிவு செய்யட்டும். சிவப்பு வந்தால் அப்பாவுக்கு நிம்மதி. அவளுக்குத்தான் எதுவும் உறைப்பதில்லையே, அவளுக்கு என்ன நஷ்டம்? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை போய் ஒரு பொட்டலத்தைக் கட்டைவிரலால் புரட்டியது. ஒரு முடிச்சு. அதை அப்படியே வைத்துவிட்டு மற்றதை எடுத்துக் கொடுத்தாள். தனக்கு அது வேண்டியிருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளை. மாதேஸ்வரனின் முகம் ஒருகணம் தொங்கியது. ஆனாலும் சாமி வாக்கை மீறுகிற ஆள் இல்லை அவர். விபூதியை அள்ளி மகள் நெற்றியில் பூசினார். "சாமியே சொல்லீருச்சு. தகிரியமாப் போய்ட்டு வா கண்ணு." அங்கேயே ஃபைலை வாங்கிக் கையெழுத்தும் போட்டார். மோகனப்பிரியா பிரித்துப் போட்ட இலைகளையும் நாரையும் கூட்டி எடுத்துக்கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு வந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் படிவத்தோடு உட்கார்ந்தார்கள். வீட்டிலேயே இங்கிலீஷ் கையெழுத்து அழகாக இருப்பது மோகனப்பிரியாவுக்குத்தான். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் எழுதினாள். நடுவில் பேனாவை நிறுத்தாமலே கேட்டாள்.

"மது, நீ ஒண்ணப் பொரட்டிப் பாத்துட்டு, வெச்சுட்டு, இன்னொண்ண எடுத்த."

மதுமதி ஃபைலின் நாடாவை விரலில் சுற்றினாள்.

"எலயக் கொண்டுபோய்ப் போடறப்ப பாத்தேன். ஒரு நார்ல ரெண்டு முடிச்சு இருந்துச்சு. அது தெரிஞ்சுதான் எடுத்தியா?"

"ஆமாக்கா."

மோகனப்பிரியா சிரித்தாள். "கேடி! சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சுப்போடுவாரு. நாஞ்சொல்ல மாட்டேன், பயப்படாத." இன்னும் இரண்டு கட்டம் நிரப்பினாள். மதுமதிக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. "எப்ப இருந்துடி தெரியும்?"

"ஏழாவதுல இருந்து."

பேனா நின்றது. மோகனப்பிரியா தலையை நிமிர்த்தவில்லை. எந்த வருஷம் ஏழாவது, எந்த வருஷம் ஒன்பதாவது என்று அவள் எண்ணுவது மதுமதிக்குத் தெரிந்தது. நிமிர்ந்தபோது அந்த முகம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது. அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை என்று சொல். அன்றைக்குக் கொடுத்தது சாமிதான் என்று சொல். எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறாள் மதுமதி, இப்படி ஒரு முகம் இதுவரை அவளிடம் கெஞ்சியதில்லை.

"எனக்கு எடுத்தப்ப?"

"பாத்தேன்க்கா" என்றாள் மதுமதி, உதடு மட்டும் அசைய.

மதுமதி அவளுக்கு இடதுபக்கம் உட்கார்ந்திருந்தாள். "என்ன சொன்ன?" என்று மோகனப்பிரியா வலது காதைத் திருப்பினாள். மாற்றிச் சொல்ல இன்னொரு வாய்ப்பு அது. பார்க்கலக்கா என்று சொன்னால் போதும். இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள்.

"அன்னிக்கும் பாத்துத்தான்க்கா எடுத்தேன்" என்று மதுமதி சத்தமாகச் சொன்னாள்.

"நான் செவப்புக் கேட்டிருந்தேன் உங்கிட்ட."

"கேட்டிருந்தீங்க."

மோகனப்பிரியா அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பேனாவை மூடி படிவத்தின்மேல் வைத்து, இரண்டையும் மேசையின் மறுபக்கம் தள்ளினாள். "மீதிய நீயே எழுதிக்க" என்று எழுந்து தன் வீட்டுப் பக்கம் போனாள். கதவைக்கூட எப்போதும்போலத்தான் சாத்தினாள்.

மதுமதி படிவத்தை இழுத்துப் பார்த்தாள். அவசரத்துக்குப் பெற்றோர் கிடைக்காவிட்டால் அழைக்க வேண்டியவர் யார் என்று ஒரு கட்டம். அதில் அந்த அழகான கையெழுத்தில் மோகனா என்கிற வரைக்கும் எழுதி நின்றிருந்தது.

"எழுதியாச்சா சாமி? வாத்தியாருக்குப் போட்டோ எடுத்து அனுப்போணும்னு அப்பா நிக்கறாரு" என்று சமையல்கட்டிலிருந்து ஜோதி கூப்பிட்டாள்.

இன்னும் ஒரு பேருதான்ம்மா என்று சொல்ல மதுமதி வாயைத் திறந்தாள். அழுகை வந்தது. ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை, நிறுத்தத் தெரியவில்லை அவளுக்கு. ஜோதி ஓடி வந்து, ஊரைவிட்டுப் போகிற பயம் என்று நினைத்து மகளின் தலையைக் கோதிவிட்டாள்.