ராமாமணி காய்ச்சிய டீசல்

போத்தனூரில் இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறவர் ராமாமணி. ஐந்நூறு பேர் பந்திக்கு வடையும் ஜிலேபியும் பொரித்து முடித்தால் மூன்று டின் பழைய பாமாயில் மிஞ்சும். அதை மாதம் ஒருமுறை ஓர் ஆள் ஆட்டோவில் வந்து எடுத்துப் போவான். சோப்புக் கம்பெனிக்குப் போகிறது என்று அவன் சொல்லியிருந்தான். ராமாமணியும் அதை நம்பியிருந்தார்.

போன வருடம் வைகாசியில் சிங்காநல்லூரில் ஒரு மண்டபத்தின் சமையற்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சாலையோரத் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி வாங்கினார். வண்டிக்காரப் பெண் தாஜுன்னிசா கீழே குனிந்து ஒரு டின்னை எடுத்துக் கறுப்பு எண்ணெயைச் சட்டியில் ஊற்றினாள். டின்னின் மேல் சிவப்பு பெயின்டில் ‘ராமாமணி கேட்டரிங், போத்தனூர்’ என்று எழுதியிருந்தது. போன் நம்பரும் இருந்தது. அதற்குள் பாதி பஜ்ஜி உள்ளே போயிருந்தது.

“இந்த எண்ணெயி எங்கீங்க வாங்குனீங்க?” என்று கேட்டார்.

“ஆட்டோவுல ஒருத்தர் கொண்டாந்து குடுக்கறாருங்க. இந்தப் பேரு போட்ட டின்னு நல்லா இருக்குமுங்க. மத்ததெல்லாம் கசக்கும்.”

டின்னில் இருப்பது தன் பெயர்தான் என்று ராமாமணி சொல்லவில்லை. மீதிப் பாதியையும் தின்றுவிட்டே கிளம்பினார். தூக்கிப் போடுவது நியாயமாகப் படவில்லை.

அந்த மாதத்திலிருந்து ஆட்டோக்காரனுக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்தினார். சாக்கடையில் ஊற்றவும் மனம் வரவில்லை. கார் ஷெட்டில் டின்கள் சேர்ந்தன. மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர் நஞ்சுண்டன் பத்தொன்பது டின் வரை எண்ணினார். அதற்கு மேல் எண்ணவில்லை.

கேட்டரிங் வேனைப் பழுது பார்ப்பவர் ஷாநவாஸ். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தார். பழைய சமையல் எண்ணெயிலிருந்து டீசல் வண்டிக்கு எரிபொருள் செய்யலாம் என்று சொன்னது அவர்தான். இரண்டு வருடமாக அதைப் பற்றி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் எண்ணெய்தான் இல்லை. எண்ணெயைச் சூடாக்கி, காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலைக் கலந்து, ஒரு நாள் அசையாமல் வைத்தால் கிளிசரின் அடியில் இறங்கிவிடும், மேலே நிற்பதுதான் டீசல் என்றார். மெத்தனால் ஆவி கெடுதல், தீப்பிடிக்கும், அதனால் சமையற்கட்டுப் பக்கமே போகக்கூடாது என்றும் சொன்னார். கொல்லையில் தகரக் கூரை போட்டு, டிரம்மில் மின்சார ஹீட்டரை நஞ்சுண்டன் பொருத்திக் கொடுத்தார். காய்ச்சும்போது ராமாமணியும் ஷாநவாஸும் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டார்கள்.

முதல் தடவை நாற்பது லிட்டர் சோப்பு கிடைத்தது. கெட்டியான, பழுப்பு நிறச் சோப்பு. மூன்று வாரம் கேட்டரிங் பாத்திரமெல்லாம் அதில்தான் தேய்த்தார்கள். நன்றாகவே போயிற்று.

காஸ்டிக் அளவு தவறிவிட்டது என்றார் ஷாநவாஸ். ஒவ்வொரு எண்ணெயும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்து அதற்குத் தக்கபடி போட வேண்டும். பார்ப்பதற்கு ஒரு மருந்துப் பாட்டில் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார். ராமாமணி உள்ளே போய் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து வந்தார். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது அவருக்குத் தெரியும். துணி துவைக்கும்போது பார்த்திருக்கிறார். மஞ்சளைச் சாராயத்தில் கரைத்து எண்ணெயில் கலந்து, காஸ்டிக் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். எத்தனை சொட்டில் சிவக்கிறது என்று பார்த்தால் கணக்கு பிடிபட்டது. மூன்றாவது தடவை டிரம்மின் மேலே தேன் நிறத்தில் தெளிவாக ஒன்று நின்றது. அதைத் தண்ணீரில் அலசி, ஈரம் போகச் சூடாக்கி, வேனில் ஊற்றினார்கள்.

வேன் ஓடியது. ஷாநவாஸ் ஒரு கிலோமீட்டர் தூரம் பின்னாலேயே பைக்கில் வந்து புகையை மோந்து பார்த்தார். திருப்தியாக இருப்பதாகச் சொன்னார். அடுத்த நான்கு மாதம் கிணத்துக்கடவு, அந்தியூர் என்று எந்த ஊர்ச் சமையலுக்கும் அந்த வேன் அதிலேயே போய் வந்தது.

தை மாதம் ஊட்டியில் ஒரு கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா லட்சுமணசாமி, பீளமேட்டில் மோட்டார் பம்ப்செட் தொழிற்சாலை வைத்திருப்பவர். மண்டபத்துக்குள் அடுப்பு மூட்ட அனுமதி இல்லை என்பதால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் சமையல். மறுநாள் காலை ஏழு மணிக்கு முந்நூறு பேருக்கு டிபன். ராமாமணிதான் வேனை ஓட்டிக்கொண்டு மலையேறினார். ஒரு பிரச்சினையும் இல்லை.

காலை ஆறு மணிக்கு இட்லி, பொங்கல், சாம்பார் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. வேன் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப உறுமிவிட்டு நின்றது. புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி கிடந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தால், கண்ணாடி பில்டருக்குள் இருந்த டீசல் நெய் மாதிரி வெளுத்துக் கட்டியாகியிருந்தது.

ஷாநவாஸுக்குப் போன் செய்தார்.

“அக்கா, ஊட்டிக்குப் போறேன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே. மார்கழியில உங்க பாமாயில் டின்னு ஒறஞ்சு கெடக்குமில்லீங்க. இதுவும் அதுதானுங்க.”

இருபத்திரண்டு மார்கழி எண்ணெய் டின்னை உருக்கியவர் ராமாமணி. இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உருக்குவது எப்படி என்பது தெரியும். இட்லி ஊற்றும் பழனாத்தாளைக் கூப்பிட்டு, இட்லித் துணிகளையெல்லாம் கொதிநீரில் நனைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

“டீசல் பட்ட துணி மறுக்கா இட்லிக்கு ஆகாதுங்கக்கா,” என்றாள் பழனாத்தாள்.

“தெரியும். கொண்டா.”

பில்டரைச் சுற்றி, குழாயைச் சுற்றி, டேங்க்கின் மேல் என்று துணிகளைப் போர்த்தினார்கள். ஆறினதை எடுத்து வேறு மாற்றினார்கள். டாக்ஸியில் எதையாவது ஏற்றி அனுப்பலாமென்று பார்த்தால், அந்த நேரத்துக்கு ஒருவரும் போனை எடுக்கவில்லை.

ஆறே முக்காலுக்கு லட்சுமணசாமியே தன் எலக்ட்ரிக் காரில் வந்து இறங்கினார். பட்டு வேட்டி, மேலே ஸ்வெட்டர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். தன் காரில் பாத்திரங்களை ஏற்றலாம் என்று முதலில் சொன்னார். பிறகு, மலை ஏறியதிலும் குளிரிலும் சார்ஜ் ஒன்பது சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, மண்டபம் வரை போகும், திரும்பி வருமா தெரியாது என்றார். காபிப் பாத்திரம் இரண்டை மட்டும் அதில் வைத்து டிரைவரோடு அனுப்பினார். அவர் அங்கேயே நின்றார்.

“ஏனுங்கம்மணி, பங்க்குல டீசல் கெடைக்காமயா இதைய ஊத்துனீங்க?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ராமாமணி துணியைப் பிழிந்தபடியே சிங்காநல்லூர் தள்ளுவண்டியைப் பற்றிச் சொன்னார். பெயர் போட்ட டின்னைப் பற்றியும், தான் வாயைத் திறக்காமல் வந்ததைப் பற்றியும் சொன்னார். “எத்தன வருசமா எத்தன பேரு தின்னாங்களோ தெரியலீங்கண்ணா. இனி என்ற எண்ணெ என்ற கண்ணு முன்னாலயே எரியோணும்னு நெனச்சனுங்க. இன்னைக்கு உங்க ஊட்டு விசேஷத்துல கொண்டாந்து நிறுத்திப்போட்டேன்.”

லட்சுமணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழனாத்தாள் கையிலிருந்த கொதிநீர்க் கெட்டிலை வாங்கினார். பம்ப்செட் செய்கிறவர் என்பதால், எங்கே அடைத்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. டேங்க்கிலிருந்து வரும் குழாய் வளைகிற இடத்தில் துணியைச் சுற்றி அதன் மேல் மெதுவாக ஊற்றினார். நான்கு கெட்டில் ஆயிற்று. பில்டருக்குள் வெள்ளை கலங்கி, மஞ்சளாகி, தெளிந்தது.

ஏழு பத்துக்கு வேன் கிளம்பியது. ஏழரைக்குப் பந்தி போட்டார்கள். தாமதம் ஏன் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டதற்கு, எண்ணெய் உறைந்துவிட்டது என்று லட்சுமணசாமி சொன்னார். தேங்காய் எண்ணெய் என்று பெரியப்பா நினைத்துக்கொண்டு, குளிருக்கு அப்படித்தான் என்றார். இட்லி ஆறவில்லை. ராமாமணி மட்டும் அன்று யார் முகத்தையும் பார்க்காமல் பரிமாறினார். திரும்புவதற்கு முன் பங்க்கில் சாதாரண டீசல் பாதி டேங்க் ஊற்றிக்கொண்டார். மலைக்கு இனி அப்படித்தான் என்று முடிவு செய்தார்.

ஆனால் சமையல்காரர்கள் வட்டாரத்தில் செய்தி பரவிவிட்டது. இட்லித் துணியை வண்டிக்குக் கட்டியவர் என்று பேசினார்கள். திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் தெரிந்த கேட்டரிங்காரர்கள் போன் செய்து சிரித்தார்கள். ஒவ்வொருவரையும் முழுக்கச் சிரிக்க விட்டுவிட்டு ராமாமணி ஒரே கேள்வி கேட்டார்.

“உங்க பழைய எண்ணெயி எங்கீங்க போகுது?”

சிலர் சோப்புக் கம்பெனிக்கு என்றார்கள். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தவர் யாரும் இல்லை. சிலர் வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் மறுபடி கூப்பிட்டார்கள். மாசி பிறப்பதற்குள் நான்கு கேட்டரிங்காரர்களின் டின்கள் போத்தனூருக்கு வர ஆரம்பித்தன. ஷாநவாஸ் தன் பட்டறையிலிருந்து இரண்டாவது டிரம்மைக் கொண்டுவந்து வைத்தார்.

கார் ஷெட் டின்களால் நிரம்பிவிட்டதால் நஞ்சுண்டன் தன் ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்தப் பழகிக்கொண்டார். மழை வந்தால் எடுத்து எங்கே வைப்பது என்று ஒருநாள் கேட்டார். யோசிப்போம் என்றார் ராமாமணி.