ஐந்தாம் வார்த்தைக்காரரின் முன்பல்

உலகம் முன்னேறியதெல்லாம், எதையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடாத சில மகான்களால்தான். தாம்பரத்தில் தலைமையாசிரியராக இருந்த வேதசிரோமணியும் எதையும் நம்பாதவர். ஆனால் 1968 மார்ச்சில் அவரிடம் முன்னேறியது மேலுதடு மட்டுமே. முன்பல்லின் வேரில் சீழ் கட்டி, உதடு ஒரு விரற்கடை வெளியே வந்துவிட்டது.

கடைவாய்ப் பல்லாயிருந்தால் பிடுங்கிப் போட்டிருப்பார். ஆனால் பதினொரு வருடம் காத்திருந்த பிறகு, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஆளுக்கொன்றாகப் பேசும் பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் ஐந்தாம் வார்த்தை அந்த வருடம்தான் அவருக்குக் கிடைத்திருந்தது. முன்பல் போனால் பிரசங்கத்தில் பாதி காற்றாகப் போய்விடும். அவருக்கு முடியாமல் போனால் பேசுவதற்குப் போஸ்டாபீஸ் ஞானஜோதி தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தார்.

ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இருந்த பல் டாக்டர் ஸ்ரீரங்கன், பிடுங்க வேண்டாம் என்றார். அதுவே முதல் சந்தேகம். பல் டாக்டர் பல்லைப் பிடுங்காமல் வேறு எதைப் பிடுங்கப் போகிறார்? தையல் மெஷின் மாதிரி காலால் மிதிக்கிற கருவியால் பல்லின் பின்பக்கம் துளை போட்டு, சீழை வடித்து, மருந்தில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்துத் தற்காலிகமாக மூடினார். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். அப்புறம் இன்னும் இரண்டு தடவை.

“எதுக்கு டாக்டர் அத்தனை தடவை?”

“பல்லுக்குள்ள வேர் வரைக்கும் மெல்லிசா ஒரு குழாய் ஓடுது சார். அதில இருக்கிற நரம்பு அழுகிப் போச்சு. ஊசியால சுரண்டி எடுத்து, கழுவி, காயவிட்டு அடைக்கணும். அப்பதான் பல் நிலைக்கும்.”

“வாய்க்கால் தூர் வார்ற காண்ட்ராக்டர் மாதிரி பேசறீங்களே.”

டாக்டர் சிரிக்கவில்லை. “நாளைக்கே வலி நின்னுடும். குணமாயிட்டதுன்னு நினைச்சுடாதீங்க சார். செத்த நரம்பு வலிக்காது, அவ்வளவுதான்.”

சொன்னபடியே வலி நின்றது. சந்தேகம் வலுத்தது. வலி நின்றாலும் வா என்று முன்கூட்டியே சொல்லி வைப்பவன் எப்பேர்ப்பட்ட ஆள்? இருபத்தாறு வருடம் பையன்களின் லீவு லெட்டர் படித்தவருக்கு இது புரியாதா? ஒரு மாலை மாடிப்படிக்கு எதிரே பழக்கடையில் நின்று வேவு பார்த்தார். கன்னத்தில் கைக்குட்டையோடு ஏறியவர்களில் இரண்டு பேர், முன்பு டாக்டரிடம் அவரோடு பெஞ்சில் காத்திருந்தவர்கள். திரும்பத் திரும்ப வரவழைத்து ஜனங்களின் வாயில் தொழில் பழகுகிறான் என்று தீர்மானித்துவிட்டார். ஜெபத்தால்தான் வலி போனது என்று வீட்டில் அறிவித்தார்.

“ஜெபம் ஒரு மாசமா பண்றோம். வலி போனது டாக்டரைப் பார்த்த மறுநாள்,” என்றாள் மனைவி மெட்டில்டா. அவள் எப்போதுமே அவிசுவாசி என்றார் அவர்.

பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று, கர்த்தருக்கு நன்றியாகச் செலுத்திய ஸ்தோத்திரக் காணிக்கைகளின் பட்டியலைப் போதகர் வாசித்தார். ‘மருத்துவரால் கைவிடப்பட்ட பல் நோய் பூரண குணமானதற்காக’ என்ற வரியை வேதசிரோமணியே எழுதிக் கொடுத்திருந்தார். ஞானஜோதியும் சபையோடு சேர்ந்து ஆமென் சொன்னார், கொஞ்சம் மெதுவாக.

வியாழக்கிழமை சாயங்காலம் பல் விண்ணென்று தெறித்தது. வெள்ளி காலை உதடு மூக்கை முட்டியது. பன்னிரண்டு மணிக்குப் பிரசங்க ஆராதனைக்குக் கோயில் மணி அடித்தபோது அவர் ஸ்ரீரங்கனின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். மூன்று நாளில் வரச் சொன்னேனே, ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். திறந்த வாயால் பதில் சொல்ல முடியாதது அவருக்கு வசதியாகவே இருந்தது. ஐந்தாம் வார்த்தையை ஞானஜோதி நாற்பது நிமிஷம் பேசினார்.

ஸ்தோத்திரம் செலுத்தப்பட்ட பல்லுக்குள்ளிருந்து டாக்டர் இருபது நாள் பழைய பஞ்சை எடுத்தார். அது நாறியது.