சாப்ட்டாச்சுன்னா ஒண்ணை அழுத்துங்கோ

தாராவியில் அந்தச் சந்துக்கு மத்தியானச் சோறு மேகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. நம்பாவிட்டால் போங்கள். அன்னமேகம் என்ற தொண்டு நிறுவனத்தின் மேனேஜர் சாருலதா அப்படித்தான் சொன்னாள். மாட்டுங்கா கல்யாண ஹால்களில் எத்தனை சாப்பாடு மிச்சம், எந்தச் சந்தில் எத்தனை வயிறு காலி, எல்லாம் கிளவுடுக்குத் தெரியுமாம். அதுவே பார்த்து வண்டியை அனுப்புமாம். கிளவுட் என்றால் மேகம் என்று யாரோ சொல்ல, முருகம்மாள் அண்ணாந்து பார்த்தாள். தகரக் கூரைக்கு மேல் கரண்ட் கம்பிதான் தொங்கியது.

எதுவாயிருந்தால் என்ன, மூன்று மாதமாகப் பன்னிரண்டரைக்கு டாண் என்று வண்டி வந்தது. அவள் புருஷன் நெல்லையப்பன் வேலை பார்த்த தோல் பட்டறையை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. மாத்திரையை விட்டால் சர்க்கரை ஏறும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, சாய்ந்துவிடுவார். அந்த வண்டிச் சோறுதான் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது.

போன வாரம் கிளவுடுக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. தினமும் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வீடு போன் அடிக்கும். எடுத்தால் தேன் ஒழுகும் குரலில், "வணக்கம்! சாப்ட்டாச்சா? ஆச்சுன்னா ஒண்ணை அழுத்துங்கோ. ஆகலைன்னா ரெண்டை அழுத்துங்கோ."

இந்தக் கேள்விக்குத் திருநெல்வேலிக்காரர்களிடம் இருப்பது ஒரே பதில். பாடையில் படுத்திருப்பவனைக் கேட்டாலும் "ஆச்சு, நீங்க?" என்றுதான் சொல்வான். சந்தில் அறுபத்துமூன்று வீடு, எல்லாம் திருநெல்வேலிதான். அறுபத்துமூன்றும் ஒண்ணை அழுத்தின. எதிர்வீட்டுப் பூலோகம் அழுத்தியதோடு நிற்காமல், "நீங்க சாப்ட்டியளா தாயி?" என்று மிஷினை உபசாரம் வேறு செய்தார்.

எட்டாம் நாள் வண்டி சந்து முனையில் நிற்காமல் அடுத்த கலிக்குள், அதாவது ஹிந்திக்காரர்கள் சந்துக்குள், போய்விட்டது. முருகம்மாள் பின்னாலேயே ஓடினாள். அங்கே குடியிருக்கும் ஷரீஃபுன்னிசா டப்பா வாங்கிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு ஹிந்தியில் போன் வருமாம். "கர் மே ரேஷன் ஹை க்யா?" வீட்டில் அரிசி, பருப்பு இருக்கிறதா என்று நேராகக் கேட்குமாம். இல்லையே, அதனால் ரெண்டை அழுத்தினேன் என்றாள் அவள். அட பாவிகளா என்று முருகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் நெல்லையப்பன் மயங்கி விழுந்தார். பூலோகம் வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துப் புகட்டி எழுப்பினார்கள். அடுத்த நாள் காலையில் முருகம்மாள் பஸ் பிடித்துச் செம்பூரில் அன்னமேகம் ஆபீசுக்குப் போய் நின்றாள்.

ஏசி போட்ட அறை. சுவர் முழுக்க ஒரு திரை. அதில் அவர்கள் சந்து பச்சைப்பசேல் என்றிருந்தது. கீழே 'பசியற்ற பகுதி' என்று எழுதியிருந்தது.

"உங்க சந்துதான் எங்களோட முதல் சக்ஸஸ்," என்றாள் சாருலதா. முப்பது வயதிருக்கும், முகமெல்லாம் சிரிப்பு. போனில் ஒழுகிய அதே தேன்.

"சோத்த நிறுத்திப்புட்டு என்ன தாயி சக்ஸஸ்?"

"எல்லாரும் ஒண்ணைத்தானே அழுத்தியிருக்கேள்?"

"சாப்ட்டாச்சான்னு கேட்டா பின்ன எதை அழுத்துவாவ? பட்டினி கெடக்கேன்னு ஊருக்கே தமுக்கடிக்கச் சொல்லுதியா?"

"ஹிந்தியில ரேஷன் இருக்கான்னுதான் எழுதியிருந்தா. நம்ம மனுஷாகிட்ட அப்படிக் கேட்டா நன்னாவா இருக்கும்? நான்தான் மரியாதையா மாத்தி, என் குரல்லயே ரெக்கார்ட் பண்ணேன்," என்றாள் பெருமையாக. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கோம்மா. வெயில்ல வந்திருக்கேள். சாப்ட்டேளா?"

"ஆச்சு தாயி."

சாருலதாவின் முகம் மலர்ந்தது. "பாத்தேளா? டேட்டா பொய் சொல்லாது."

சீ, இதெல்லாம் ஒரு நாக்கா என்று முருகம்மாளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. நேற்று மத்தியானம் டீயில் நனைத்துத் தின்ற பாதி பாவ் ரொட்டியோடு சரி. பம்பாய்க்கு வந்து இருபத்தாறு வருஷத்தில் வெளி மனுஷரிடம் 'சாப்பிடல' என்ற வார்த்தையை அவள் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர் போய்விடுவார்.

"இல்ல," என்றாள். "பொய் சொன்னேன். நான் சாப்பிடல. எங்க வீட்டுக்காரரும் சாப்பிடல. நேத்து விழுந்துட்டாவ." கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாருலதா படபடவென்று எதையோ தட்டினாள். ஒருமுறை பச்சையாகிவிட்ட சந்து பச்சைதானாம். மறுபரிசீலனைக்கு முப்பது நாள் ஆகுமாம். அதுவரை பசி காத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே!

அவள் மேஜையடியிலிருந்து தன் டப்பாவை எடுத்து நீட்டினாள். "இதை அவருக்கு எடுத்துண்டு போங்கோ."

"ஒனக்கு?"

"நான் சாப்ட்டாச்சும்மா."

முருகம்மாள் டப்பாவை வாங்கினாள். கனமாக, சுடச்சுட இருந்தது.

"அப்ப நீயும் ஒண்ணை அழுத்திரு, தாயி. ஒன் வீட்டுக்கும் வண்டி வராது."

சாருலதாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. போனை எடுத்து வண்டி டிரைவரைக் கூப்பிட்டாள். "சைஃப், வண்டியை அந்தத் தமிழ்க் கலிக்குத் திருப்பு." சிஸ்டத்தில் பச்சை காட்டுகிறதே மேடம் என்றான் அவன். "நான் சொல்றேன், போ!" என்று கத்தினாள்.

முருகம்மாள் டப்பாவைத் திருப்பித் தரவில்லை. மாத்திரை வேளை நெருங்கிவிட்டது. இதில் என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது?

வாசல்வரை வந்த சாருலதா, "இனிமே யாரையும் சாப்ட்டாச்சான்னு கேக்க மாட்டேன்மா," என்றாள்.

"கேளு தாயி, நல்லாக் கேளு. மனுசரு கேக்கதுதான். நாங்கதான் கூறுகெட்டுப்போயி மிசினுக்கும் மரியாதை குடுத்துட்டோம்."