ஓரகத்தி சொன்ன மலை

மூத்த மருமகளுக்கும் இளைய மருமகளுக்கும் வீடும் ஒன்று, அலுவலகமும் ஒன்று. எண்ணெய் தேடும் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் மூத்தவள் பல வருடங்களாக நுண்ணோக்கியில் மணல் பார்த்து வந்தாள். பூமிக்கு அடியில் கிடக்கும் மணல் எந்த மலையிலிருந்து ஆற்றோடு வந்தது என்று சொல்வது அவள் வேலை. கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தவளும் அதே படிப்புதான். அவள் வேலைக்குச் சேர்ந்ததும் கம்பெனி ஒரு லேசர் கருவியை வாங்கி அவள் பொறுப்பில் விட்டது. ஒரு மணல் துகளின் வயதை அது சொல்லிவிடும்.

"எங்க சின்னவ மண்ணுக்கே வயசு சொல்லிடுறா!" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பூரித்தாள்.

"அப்போ நான் இத்தனை வருஷமா மண்ணையா தின்னுட்டிருந்தேன்?" என்று மூத்தவள் கணவனிடம் பொரிந்தாள்.

அப்போதுதான் புது எண்ணெய்க் கிணற்றுப் பிரச்சினை வந்தது. அங்கே கிடைத்தது தெற்கு எரிமலைக் குன்றுகளின் மணல், நாளடைவில் களிமண்ணாகி இடுக்குகளை அடைத்திருக்கும், எண்ணெய் தங்காது என்று மூத்தவள் எழுதிக் கொடுத்திருந்தாள். கூட்டத்தில் ஓரகத்தி எழுந்தாள்.

"அக்கா சொன்னது தப்புன்னு சொல்ல வரல சார். ஆனா துகளோட வயசு வடக்குக் கருங்கல் மலையோடதான் ஒத்துப்போகுது. அப்படின்னா அது சுத்தமான மணல். எண்ணெய் தங்க இடம் இருக்கும்."

அந்தப் பணிவுதான் மூத்தவளைச் சுட்டது. சண்டை போட்டிருந்தாலாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

அவளைப் பொய்யாக்கியே தீருவது என்று மறுநாள் கிணற்றிலிருந்து வந்த பாறைத் துண்டை எடுத்து உடைத்தாள். முன்பு பார்த்தது மேலே சுரண்டிய மணல். இது உள்ளே இருந்தது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். எரிமலைக்கு அடையாளமான கறுப்புத் துகள் ஒன்றுகூட இல்லை. இன்னொரு துண்டை உடைத்தாள். அதிலும் இல்லை. முன்பு கண்டதெல்லாம் துளையிடும்போது ஊற்றிய சேற்றிலிருந்து ஒட்டிக்கொண்டவை.

அறையில் வேறு யாரும் இல்லை. குழாயைத் திறந்து கழுவி விட்டால் கதை முடிந்தது. கை குழாய் வரை போனது. ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"இங்க வா" என்று ஓரகத்தியைக் கூப்பிட்டாள். "பாரு. நீ சொன்ன மலைதான்."

அவள் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அக்கா! வயசு ஒண்ண மட்டும் வச்சு சார் நம்பியிருக்க மாட்டார். எனக்காகவா உடைச்சீங்க?"

"உனக்காகவா? உன் மூக்கை உடைக்கத்தான் உடைச்சேன்."

ஓரகத்தி ஒரு கணம் திகைத்து, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். மூத்தவள் சிரிக்கவில்லை.

அறிக்கையில் இருவரும் கையெழுத்திட்டார்கள். கிணற்றில் எண்ணெய் கிடைத்தது.

"சின்னவ காட்டின இடத்துல எண்ணெய் வந்துடுச்சு!" என்று மாமியார் போனில் யாரிடமோ முழங்கினாள்.

"அத்தை, அக்காவும்தான்" என்றாள் இளையவள்.

"ஆமா, பெரியவளும் கூட இருந்தாளாம்."

சாப்பிட உட்கார்ந்திருந்த மூத்தவள் சோற்றை அழுத்திப் பிசைந்தாள். ஆனாலும் ஓரகத்தி தட்டோடு வந்தபோது, நாற்காலியைச் சற்று நகர்த்தி இடம் கொடுத்தாள்.